சுன் கணக்கு: அக்குபிரஷர் புள்ளியை உடம்பில் கண்டுபிடிப்பது எப்படி

அக்குபிரஷர் செய்து பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்பவரிடம், எங்கே அழுத்தினீர்கள் என்று காட்டச் சொல்லிப் பாருங்கள். விரல் பல நேரம் புள்ளிக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். அழுத்தம் போதவில்லை, நேரம் போதவில்லை என்பதெல்லாம் அடுத்த பிரச்சினை. முதல் தவறு இடத்திலேயே நடந்துவிடுகிறது. சுவரில் தொங்கும் மனித உருவப் படத்தில் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார்கள்; அது யாருடைய கையும் இல்லை. அதை உங்கள் கைக்குக் கொண்டுவர ஒரு கணக்கு இருக்கிறது.

இங்கே ஐந்து புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். சீனாவில் அக்குபங்சர், அதாவது இதே புள்ளிகளில் ஊசி குத்தும் வைத்தியம், படிப்பவர்கள் ஆரம்பத்திலேயே மனப்பாடம் செய்யும் நான்கு வரிப் பாட்டு ஒன்று உண்டு. வயிற்றுக்கு சூசான்லி, இடுப்புக்கும் முதுகுக்கும் வெய்ஜோங், தலைக்கும் கழுத்துக்கும் லியேச்சுவே, முகத்துக்கும் வாய்க்கும் ஹெகு என்று அது போகும். நெஞ்சுக்கு நெய்குவான் என்ற வரி பிற்பாடு சேர்ந்தது. ஐந்தும் கையிலும் காலிலும் இருப்பவை. அடியில் நுரையீரலோ குடலோ கிடையாது. வீட்டில் விரலால் பழக இவற்றைவிடப் பொருத்தமானவை இல்லை.

எறும்பும் தன் கையால் எண்சாண்

புள்ளிகளின் தூரத்தைச் சொல்லும் அலகு சுன். சில புத்தகங்களில் இதை அங்குலம் என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் ஸ்கேலை எடுத்து 2.54 செ.மீ. என்று அளக்கிறார், கணக்கு அங்கேயே கெட்டுவிடுகிறது. சீனக் கடைத்தெருவில் துணி அளக்கும் சுன் 3.33 செ.மீ. உடம்பில் அளக்கும் சுன் அதுவும் அல்ல. எறும்பும் தன் கையால் எண்சாண் என்று நாம் சொல்கிறோமே, அதுதான் இதன் முழுத் தத்துவம். யாருக்கு அழுத்தப்போகிறோமோ அவருடைய உடம்பே அளவுகோல். அழுத்துபவரின் விரல் அளவுகோல் ஆகாது.

நம்பகமான முறை எலும்பை வைத்து அளப்பது. உடம்பின் இரண்டு நிலையான அடையாளங்களுக்கு இடையே உள்ள தூரத்தை இத்தனை சுன் என்று வைத்துவிட்டு, அதைச் சமமாகப் பிரிக்கிறார்கள். மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கை மடிப்பு வரை 12 சுன். முழங்காலின் பின்மடிப்பிலிருந்து வெளிக் கணுக்கால் எலும்பின் முனை வரை 16 சுன். தொப்புளிலிருந்து அடிவயிற்று எலும்பின் மேல்விளிம்பு வரை 5. முன்நெற்றி மயிர்க்கோட்டிலிருந்து பிடரி மயிர்க்கோடு வரை 12. நமக்கு வேண்டியவை முதல் இரண்டும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். முன்கை 24 செ.மீ. நீளமுள்ள ஒருவருக்குக் கையில் ஒரு சுன் என்பது 2 செ.மீ. அதே ஆளின் கீழ்க்கால் 38 செ.மீ. இருந்தால் காலில் ஒரு சுன் 2.4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆக, ஒரே உடம்பில் கைச்சுன் வேறு, கால்சுன் வேறு. இதில் முரண்பாடு ஏதும் இல்லை. ஒவ்வொரு பகுதியும் தன் நீளத்துக்கு ஏற்பப் பிரிகிறது. முன்கை 15 செ.மீ. உள்ள குழந்தைக்கு ஒரு சுன் 1.25 செ.மீ.தான். அந்தக் குழந்தையின் மணிக்கட்டில் அப்பாவின் மூன்று விரலை வைத்து ஐந்து செ.மீ. மேலே அழுத்தினால், விரல் நிற்பது இரண்டாவது சுன்னில் அல்ல, நான்காவதில்.

விரலால் அளக்கும் குறுக்குவழி எல்லாருக்கும் தெரியும். கட்டை விரலின் கணு அகலம் 1 சுன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்தால் ஒன்றரை. சுண்டு விரல் நீங்கலாக மூன்று விரல் சேர்த்து 2 என்று பொதுவாகச் சொல்வார்கள். நான்கு விரலும் சேர்ந்தால் 3 சுன். அதை நடுவிரலின் நடுக்கணு மட்டத்தில் அளக்க வேண்டும். விரல் நுனிப் பக்கம் குறுகிவிடும் என்பதால் நுனியை வைத்து அளந்தால் அரை சென்டிமீட்டருக்கு மேல் குறையும். இந்த முறையை எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. நான்கு விரல் அகலம் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 7 செ.மீ. வரும். காலில் மூன்று சுன்னும் ஏறக்குறைய அவ்வளவே, அதனால் காலில் ஒத்துப்போகிறது. கையில் இரண்டு சுன் என்பது 4 செ.மீ. அருகில் இருக்க, மூன்று விரல் அகலம் 5 செ.மீ.யைத் தாண்டிவிடும். முன்கையில் மூன்று விரல் கணக்கு எப்போதும் மேலே தள்ளிக்கொண்டு போகும். கையில் அளக்க நூலே மேல். விரலால்தான் அளந்தாக வேண்டும் என்றால் இரண்டு கட்டை விரல் அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அது அவ்வளவாகப் பிசகாது.

அடிக்கடி செய்பவர்கள் ஒரு எலாஸ்டிக் நாடா வாங்கி வைத்துக்கொள்ளலாம். தையல் கடையில் கிடைக்கும் ஒரு விரல் அகல நாடாவை இழுக்காமல் மேசையில் போட்டு, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பேனாவால் கோடு போட்டு, 0 முதல் 16 வரை எண் எழுதவும். கைக்கு 0 கோட்டை மணிக்கட்டு ரேகையிலும் 12-ஐ முழங்கை மடிப்பிலும் வைத்து இழுத்துப் பிடித்தால், நடுவிலுள்ள கோடுகள் தாமாகவே அவருடைய சுன் ஆகிவிடும். காலுக்கு 16 வரை. நாடா சில மாதத்தில் தளர்ந்து ஒரு பக்கம் மட்டும் நீளத் தொடங்கும். இழுத்த நிலையில் கோடுகள் சம இடைவெளியில் இருக்கின்றனவா என்று அவ்வப்போது ஸ்கேலில் வைத்துப் பார்த்து, இல்லையென்றால் புது நாடா போடவும்.

இந்த இட நிர்ணயம் ஒன்றும் ஒரே நாளில் முடிந்த காரியம் அல்ல. சீனாவில் சோங் வம்ச அரசர்கள் காலத்தில், 1027-இல், வாங் வெய்யி என்பவர் ஆளுயர வெண்கல மனிதர்கள் இரண்டை வார்க்கச் செய்தார். உடம்பெங்கும் புள்ளிகளுக்குத் துளை. மேலே மெழுகு பூசி உள்ளே நீரை நிரப்பி மாணவனிடம் ஊசியைக் கொடுப்பார்களாம். சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும், இல்லையென்றால் தேர்வில் தோல்வி. அப்படியும் சீனா, ஜப்பான், கொரியா மூன்றிலும் பல புள்ளிகளின் இடம் வேறுவேறாகவே இருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனம் மூன்று நாட்டு வல்லுநர்களையும் உட்காரவைத்து 361 புள்ளிகளுக்குப் பொது இடம் வகுத்து 2008-இல் வெளியிட்டது. அதிலும் ஆறு புள்ளிகளுக்கு ஒரே முடிவு எட்டவில்லை, மாற்று இடத்தையும் சேர்த்தே அச்சிட்டார்கள். நாம் பார்க்கப்போகும் ஐந்தும் அந்த ஆறில் இல்லை.

படங்களில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு இருக்கும். அந்த எண்ணை விடப் பெயரை நம்புங்கள். வெய்ஜோங் இன்று பிஎல் 40; பழைய புத்தகங்களில் அதுவே யூபி 54 என்று இருக்கும். நெய்குவானைப் பழைய படங்களில் பி 6 என்றும் புதியவற்றில் பிசி 6 என்றும் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றே.

அளந்த பிறகு விரல் தேட வேண்டும்

அளவு உங்களைத் தெருவுக்குத்தான் கொண்டுபோய் விடும், வீட்டைக் கண்டுபிடிப்பது விரல். பேனாவால் குறி வைத்த இடத்தைச் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்குள் ஆள்காட்டி விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். புள்ளிகள் அனேகமாகப் பள்ளத்தில்தான் இருக்கும்: இரண்டு தசைநாண்களுக்கு நடுவே, எலும்புக்கும் தசைக்கும் இடைப்பட்ட குழிவில், மூட்டின் மடிப்பில். விரல் நுனி சற்று அமிழும் இடத்தில் நிறுத்தி நேராக அழுத்தவும். சுற்றியுள்ள இடத்தைவிட அங்கே ஒரு தனிக் கூச்சமோ வலியோ தெரிந்தால் அதுதான். ஏழாம் நூற்றாண்டு மருத்துவர் சூன் சிமியாவ் எழுதிவைத்த "ஆ ஷி" என்ற சொல்லின் பொருளே "ஆமாம், அங்கேதான்" என்பது; அழுத்தும்போது நோயாளி வாயிலிருந்து வருவது.

சரியான இடத்தில் வரும் உணர்வுக்குச் சீனத்தில் தேச்சி என்று பெயர். மந்தமான, கனத்த, உளைவது போன்ற உணர்வு, சில நேரம் மேலேயோ கீழேயோ பரவும். கரண்ட் அடித்தாற்போல் சுரீரென்று விரல் நுனிவரை ஓடினால் அது தேச்சி இல்லை, நரம்பின் மேல் நேராக நிற்கிறீர்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகருங்கள். துடிப்பு தெரிந்தால் இரத்தக்குழாய். அப்போதும் நகர வேண்டும்.

கட்டை விரலின் சதைப்பகுதியால், தோலுக்குச் செங்குத்தாக அழுத்துங்கள். நகத்தை முந்தின நாளே வெட்டியிருக்க வேண்டும். விரலை மடக்கி அதன் தசை வலுவால் அழுத்தினால் பத்து நாளில் உங்கள் கட்டை விரல் மூட்டு வலிக்க ஆரம்பிக்கும். விரலை நேராக வைத்து, மற்ற விரல்களை மறுபக்கம் முட்டுக் கொடுத்து, தோளிலிருந்து சாய்ந்து எடையை இறக்குவதே சரி. ஐந்து விநாடியில் மெல்ல இறக்கி, அங்கேயே நின்று, ஐந்து விநாடியில் மெல்ல எடுங்கள். வெடுக்கென்று எடுத்தால் தசை இறுகிக்கொள்ளும்.

எவ்வளவு அழுத்துவது என்று கையில் பழக்கம் வர ஒரு எளிய வழி: சமையலறைத் தராசில் கட்டை விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். மணிக்கட்டுப் புள்ளிகளுக்கு இரண்டு கிலோ போதும். கால் தசைக்கு மூன்று, நான்கு கிலோ வரை போகலாம். நான்கு கிலோ என்பது நினைப்பதைவிட அதிகம், தராசு இல்லாமல் தொடங்குபவர்கள் கையில் மிகையாகவும் காலில் குறைவாகவும் அழுத்துவார்கள். வயதானவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், தொட்டாலே கன்றிப்போகும் தோல் உள்ளவர்கள் ஆகியோருக்கு இதில் பாதி. புண், தழும்பு ஆறாத இடம், வீங்கிய இரத்தக்குழாய், தோல் தொற்று உள்ள இடம் எதுவானாலும் அங்கே அழுத்தவே வேண்டாம்.

நெய்குவான்

ஐந்தில் நல்ல ஆய்வுச் சான்று உள்ளது இதற்குத்தான், அதுவும் குமட்டல், வாந்தி என்ற ஒரே விஷயத்தில். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் மயக்கவியல் பேராசிரியராக இருந்த ஜான் டண்டி 1980-களில் அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வாந்திக்கு இந்தப் புள்ளியைச் சோதித்தார். 1997-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு, அறுவைக்குப் பின்னும் புற்றுநோய் மருந்துக்குப் பின்னும் வரும் குமட்டலில் அக்குபங்சருக்குப் பலன் உண்டு என்று முடிவு சொன்னது. நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை என்று படங்களில் போட்டிருக்கும் மற்றவற்றுக்கு இந்த அளவு உறுதி கிடையாது.

வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை மடியில் வைக்கவும். மணிக்கட்டில் இரண்டு மூன்று ரேகைகள் குறுக்கே ஓடும். உள்ளங்கைக்கு மிக அருகிலுள்ள ரேகையே தொடக்கம். இதில் அடுத்த ரேகையை எடுத்துக்கொண்டால் அங்கேயே ஒரு சென்டிமீட்டர் வரை போய்விடும். அந்த ரேகையிலிருந்து முழங்கை மடிப்பு வரை ஒரு நூலைப் பிடித்து வெட்டி, மூன்றாக மடித்து, அதை மறுபடி இரண்டாக மடியுங்கள். ஆறில் ஒரு பங்கு. பன்னிரண்டில் இரண்டு சுன். அந்தத் தூரத்தில் கைக்குக் குறுக்கே ஒரு கோடு போடவும்.

இப்போது கட்டை விரல் நுனியையும் சுண்டு விரல் நுனியையும் தொடவைத்து மணிக்கட்டைச் சற்று உள்பக்கம் மடக்கினால், நடுவில் இரண்டு தசைநாண்கள் கயிறு போல எழும்பும். குறுக்குக் கோட்டில், அந்த இரண்டுக்கும் நடுவே புள்ளி. சிலருக்கு நடுத்தசைநாண் பிறவியிலேயே இருக்காது. ஒரு கையில் இருந்து மறு கையில் இல்லாமலும் போகும். கவலைப்பட ஒன்றுமில்லை, பிடிவலுவும் அதனால் குறைவதில்லை. அவர்களுக்குக் கட்டை விரல் பக்கமாகத் தெரியும் ஒற்றைத் தசைநாணை ஒட்டி, சுண்டு விரல் பக்கத்தில் அழுத்த வேண்டும்.

குறி வைத்ததும் கையைத் தளர்த்திவிடுங்கள். இதை மறந்து மணிக்கட்டை மடக்கியபடியே அழுத்துபவர்கள் இறுகிய தசைநாணின் மேல் அழுத்திக்கொண்டிருப்பார்கள். விரல் உள்ளே இறங்கவே இறங்காது. அடியில் நடு நரம்பு ஓடுகிறது. இரவில் விரல் மரத்துப்போகும் மணிக்கட்டுக் குகை நோய் உள்ளவர்கள் இங்கே விரலை லேசாக வைத்தால் போதும், அழுத்த வேண்டாம்.

இரண்டு மூன்று நிமிடம் ஒரு கை, பிறகு மறு கை. குமட்டல் உச்சத்துக்குப் போன பிறகு தொடங்கினால் பெரிதாகக் கேட்காது. மலைப்பாதையில் வண்டி ஏறும் முன்பே ஆரம்பிக்க வேண்டும். புள்ளியைக் குமிழால் அழுத்திக்கொண்டிருக்கும் மணிக்கட்டுப் பட்டை போட்டுக்கொள்பவர்களும் புறப்படும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கடையில் கிடைக்கும் பட்டையின் குமிழ் புள்ளியின் மேல் இருக்கிறதா என்று அரைமணிக்கு ஒருமுறை பார்க்கவும், வேர்வையில் அது உருண்டு பக்கவாட்டில் போய்விடும். பட்டை இல்லையென்றால் காய்ந்த பட்டாணி ஒன்றை வைத்து மருத்துவ டேப்பால் ஒட்டலாம். கொண்டைக்கடலைக்கு மூக்கு உண்டு, தோலைக் குத்திவிடும். விரல் வீங்கினாலோ நிறம் மாறினாலோ உடனே எடுத்துவிட வேண்டும். தூங்கும்போது வேண்டாம்.

வாந்தியோடு நெஞ்சுவலி, இரத்தம், கடும் வயிற்றுவலி, தலையில் அடிபட்டது இவற்றில் ஏதாவது இருந்தால் புள்ளி தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சூசான்லி

பெயரில் உள்ள "லி" சீனத் தூர அளவு. "கால் மூன்று லி" என்று பொருள். ஓய்ந்த காலை இன்னும் மூன்று லி நடக்கவைக்கும் என்பார்கள். மூட்டிலிருந்து மூன்று சுன் தள்ளி இருப்பதால் வந்த பெயர் என்பது இன்னொரு விளக்கம். அளப்பதற்கு நமக்கு உதவுவது இரண்டாவதுதான்.

நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைச் செங்கோணமாக மடக்கவும். முட்டிச் சில்லுக்குக் கீழே, நடுவில் தடித்த தசைநாண். அதன் இருபுறமும் இரண்டு குழிகள், கண் போல. வெளிப்பக்கக் குழிதான் தொடக்கம். பலர் சில்லின் கீழ் விளிம்பிலிருந்தோ, சில்லின் நடுவிலிருந்தோ அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வெளிக்குழியில், யாருக்கு அழுத்துகிறோமோ அவருடைய ஆள்காட்டி விரலின் மேல் விளிம்பை வைத்து நான்கு விரலையும் குறுக்காகப் படியவைத்தால், சுண்டு விரலின் கீழ் விளிம்பு மட்டம் மூன்று சுன். அந்த மட்டத்தில் முன்கால் எலும்பின் கூர்விளிம்பைத் தொட்டு, அதிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு நடுவிரல் அகலம் நகரவும்.

சரிபார்க்க இரண்டு வழி. பாதத்தின் முன்பகுதியை மேலே தூக்கச் சொன்னால் அந்த இடத்தில் தசை விம்மி எழ வேண்டும், எழவில்லை என்றால் எலும்பின் மேலோ, மிக வெளியிலோ இருக்கிறீர்கள். இன்னொன்று, கணுக்காலிலிருந்து முன்எலும்பின் விளிம்பு வழியே கட்டை விரலை மேலே இழுத்துக்கொண்டு போனால், முட்டிக்குக் கீழே ஒரு மேட்டில் இடித்து நிற்கும். அந்த மேட்டின் கீழ்விளிம்பு மட்டமும் நீங்கள் அளந்த மட்டமும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு செ.மீ.யைத் தாண்டினால் மறுபடி அளக்கவும்.

வெளிப்பக்கம் மிகத் தள்ளிப்போவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. முழங்காலின் வெளிப்புறம், சற்றுக் கீழே, உருண்டையாக ஒரு எலும்பு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு பாதத்தைத் தூக்கும் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே முழங்கையாலோ மரக்குச்சியாலோ வெகுநேரம் அழுத்தினால் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும். பாதம் தொங்கிப்போகவும் கூடும். புள்ளி அந்த உருண்டைக்கு வெகு முன்னால், முன்எலும்பை ஒட்டியே இருக்கிறது என்பதை மனத்தில் வைத்தால் இந்தத் தவறு வராது.

தசை தடித்தது, அதனால் இங்கே அழுத்தம் ஆழமாக வேண்டும். ஒரு காலுக்கு மூன்று நிமிடம். வயிற்று உப்புசம், மந்தம், கால் ஓய்ச்சல் இவற்றுக்கு மரபில் முதலில் தொடும் புள்ளி இது. சாப்பிட்டு அரைமணி நேரமாவது போகட்டும். வலப்பக்க அடிவயிற்றில் வலி, காய்ச்சல் என்றால் சூசான்லிக்கு வேலை இல்லை. குடல்வால் அழற்சியாக இருக்கலாம்.

மற்ற மூன்றும்

ஹெகு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே. எல்லாருக்கும் தெரிந்த புள்ளி, எல்லாரும் தவறாக விரலிடைச் சவ்வில் அழுத்தும் புள்ளியும் இதுவே. கட்டை விரலை ஆள்காட்டி விரலோடு ஒட்டிச் சேர்த்தால் புறங்கையில் தசை மேடு எழும். அதன் உச்சி, ஆள்காட்டி விரலின் உள்ளங்கை எலும்பின் நடுப்பகுதிக்கு நேராக வரும். குறி வைத்துக் கையைத் தளர்த்திவிட்டு, அழுத்தத்தை ஆள்காட்டி எலும்பின் அடிப்பக்கமாகத் திருப்பவும். நேராகக் கீழே அழுத்தினால் தசையைக் கிள்ளுவதுபோல இருக்கும், திருப்பியதும் உளைச்சல் சட்டென்று மாறுவதை உணரலாம். ஒன்று இரண்டு நிமிடம், இரு கையிலும். தலைவலிக்கும் பல்வலிக்கும் அழுத்துவார்கள். பல்வலி குறைந்தாலும் சொத்தை அப்படியேதான் இருக்கும், பல் மருத்துவரைத் தள்ளிப்போட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு ஹெகுவை அழுத்துவதில்லை. பிரசவ வலியைத் தூண்டும் என்று மரபு விலக்கி வைத்த புள்ளி. வேறு வழிகள் இருக்கும்போது அதை மீறிப் பார்க்க எந்த அவசியமும் இல்லை. உள்கணுக்காலுக்கு மேலே மூன்று சுன்னில் இருக்கும் சான்யின்ஜியாவ், அதாவது எஸ்பி 6, அதே விலக்கில் வரும்.

லியேச்சுவே அளக்காமலே கிடைக்கும். இரு கைகளின் கட்டை விரல்-ஆள்காட்டி விரல் இடுக்கை ஒன்றோடொன்று கோத்தால், மேலுள்ள கையின் ஆள்காட்டி விரல் நுனி மறு கையின் மணிக்கட்டு எலும்பு மேட்டுக்குப் பின்னால் ஒரு சிறு பள்ளத்தில் போய் விழும். மணிக்கட்டு ரேகையிலிருந்து ஒன்றரை சுன். சதை மிகக் குறைவு. கட்டை விரலால் அமுக்குவதைவிட ஆள்காட்டி விரல் நுனியால் ஒரு நிமிடம் முன்னும் பின்னும் தேய்ப்பது மேல். கழுத்து பிடித்துக்கொண்டவர் தேய்த்துக்கொண்டே தலையை மெதுவாக இருபுறமும் திருப்பலாம்.

வெய்ஜோங் முழங்காலின் பின்மடிப்புக்கு நடு மத்தி. குப்புறப் படுத்து, கணுக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, முழங்கால் சற்று மடங்கியபடி இருக்கட்டும். நீட்டிய காலில் அந்த இடம் தோல் முரசு போல இறுகிவிடும். அடியில் பெரிய நரம்பும் தமனியும் போகின்றன, ஆகவே முப்பது விநாடி, இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். சுருள் நரம்பு, அதாவது காலில் புடைத்துச் சுருண்ட இரத்தக்குழாய், உள்ளவர்கள் இதை விட்டுவிடவும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக, கெண்டைச்சதையில் வலியோடு இருந்தால் அது இரத்த உறைவாக இருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்கவும் கூடாது, அழுத்தவும் கூடாது, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சூசான்லியில் மாக்ஸா

அழுத்துவதற்குப் பதிலாகச் சூடு காட்டுவது மாக்ஸா. அக்குபங்சரைச் சீனத்தில் ஜென்ஜியு என்பார்கள். ஜென் ஊசி, ஜியு இந்தச் சூடு. இரண்டும் சேர்ந்தே ஒரு வைத்தியம். எரிப்பது ஆர்ட்டிமீசியா இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காய்ந்த இலைப் பஞ்சு. நம் பூக்கடை மரிக்கொழுந்துக்கு அது பங்காளி. வீட்டுக்கு ஏற்றது சுருட்டு வடிவில் ஏறக்குறைய 20 செ.மீ. நீளத்தில் வரும் குச்சி. தோலின் மேல் நேராக வைத்து எரிக்கும் சிறு கூம்புகளை வீட்டில் தொட வேண்டாம்.

ஜன்னலைத் திறந்து வைக்கவும். புகை அடர்த்தியாக வரும், ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இது சரிப்படாது. தீக்குச்சியில் பற்றவைத்தால் ஓரம் மட்டும் பிடித்து ஒருபக்கமாக எரியும். மெழுகுவத்தியில் சுழற்றிச் சுழற்றி முனை முழுவதும் சிவக்கும் வரை, ஒரு நிமிடமாவது காட்ட வேண்டும். குறி வைத்த இடத்துக்கு நேராக 2 முதல் 3 செ.மீ. உயரத்தில் பிடிக்கவும். உங்கள் மறு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் புள்ளியின் இருபுறமும் தோலில் வைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏறுவது அவருக்குத் தெரியும் முன்பே உங்களுக்குத் தெரியும். இதமான சூடாக இருக்க வேண்டும், சுளீரென்றதும் உயர்த்திவிட வேண்டும். 10 முதல் 15 நிமிடத்தில் தோல் இளஞ்சிவப்பாகும், அதற்கு மேல் தேவையில்லை. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சாம்பலைக் கிண்ணத்தில் தட்டிவிடுங்கள். சாம்பல் சேர்ந்தால் சூடு குறைந்ததாகத் தோன்றும், குச்சியைத் தாழ்த்துவீர்கள், கங்கு விழுந்து சுடும்.

சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கு மாக்ஸா கிடையவே கிடையாது. சூடு தெரியாத தோலில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், ஆறுவதும் கடினம். காய்ச்சல் உள்ளவருக்கும், சிறு குழந்தைக்கும், தூங்கிவிடக்கூடியவர் தனக்குத்தானே செய்துகொள்வதற்கும் இது ஆகாது.

முடிந்ததும் குச்சியைத் தண்ணீரில் நனைத்தால் மறுமுறை பற்றாது. காற்றில் வைத்து ஊதினால் கங்கு உள்ளே போய் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு மண்சட்டியில் ஆற்றுமணலை நிரப்பி, எரிந்த முனையை நான்கு விரல் ஆழம் புதைத்து, காலைவரை அப்படியே விடுங்கள். பக்கத்தில் காகிதமோ துணியோ இருக்கக் கூடாது. தோலில் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடவும். ஐஸ், பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி, அது ஆறும்வரை அந்தக் காலில் விரலும் வைக்காதீர்கள், சூடும் காட்டாதீர்கள்.